காஞ்சிபுரத்துக்கு நான் செய்த கதவு

மூன்று வருடங்களுக்கு முன், மாசி கழிந்து பங்குனி பிறந்திருந்த சமயம். பூந்தமல்லியைத் தாண்டி, நெடுஞ்சாலையில் இருந்து உள்ளே பிரிகிற ஒரு மண் ரோட்டில், எப்போதோ மூடிப்போன கம்பெனி ஒன்றின் மைதானத்தில் இது நடந்தது. அந்த மைதானத்தில் அப்போது காஞ்சிபுரம் இருந்தது. இப்போதைய காஞ்சிபுரம் இல்லை, பல்லவ ராஜா காலத்துக் காஞ்சிபுரம். கோட்டை வாசல், கடைவீதி, தேர் நிற்கிற முற்றம், இரண்டு பக்கமும் மாளிகைகள் என்று ஒரு சினிமாவுக்காகப் போட்ட செட். அதில் நான் பெயின்டர்.

அதே ரோட்டில் பஸ் ஏறி உட்கார்ந்தால் ஒன்றரை மணி நேரத்தில் நிஜக் காஞ்சிபுரத்திலேயே இறங்கிவிடலாம். அப்புறம் ஏன் இந்தப் பாடு என்று ஆர்ட் டைரக்டரின் உதவியாளரிடம் கேட்டேன். திருப்பூர்ப் பக்கத்துப் பையன், ஆவடியில் ஃபிளாட்டில் குடியிருந்தான். "அங்க போனா கரண்ட் கம்பியும் செல்போன் டவரும்தான்ணா ஃபிரேம்ல வரும். ஜனங்க மனசுல இருக்கற காஞ்சிபுரம் அங்க இல்லைங்க" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவன் சொன்னதும் சரிதான். சினிமாவில் ஊருக்கு என்று ஒரு கணக்கு இருக்கிறது. மெட்ராஸ் என்றால் சென்ட்ரல் மணிக்கூண்டு, அப்புறம் கடல். மதுரை என்றால் கோபுரம், உடனே அரிவாள். லண்டன் என்றால் மழை, சிவப்பு பஸ். எங்கள் அம்பத்தூரும் ஆவடியும் படத்தில் வந்தால் வில்லன் ஆளைக் கட்டிப்போடுகிற கோடவுனாகத்தான் வரும், பெயரைக்கூடச் சொல்ல மாட்டார்கள். ஆனால் பெரிய பெரிய ஊர்களையெல்லாம் ஆணியடித்து, பட்டி பார்த்து, வர்ணம் பூசி நிற்க வைப்பது எங்கள் பக்கத்து ஆட்கள்தான். காஞ்சிபுரத்துக்கு முன்னால் அந்த மைதானத்தில் லண்டன் தெரு ஒன்று இருந்தது. அதன் பலகைகள் சில இந்தக் கோட்டைக்கு உள்ளே போயிருக்கின்றன.

நான் மண்ணூர்பேட்டைக்காரன். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் மெஷின் கவர்களுக்கு ஸ்பிரே அடிப்பதுதான் என் வேலை. வருடம் முழுக்கச் சாம்பல் நிறம். அதிலேயே பதினாறு வருடம் ஓடிவிட்டது. பட்டறையில் ஆர்டர் குறைந்த ஒரு சமயத்தில் ஒரு சிநேகிதன் என்னை செட் வேலைக்கு இழுத்துவந்தான். அங்கே வந்த பிறகுதான் எனக்கும் கை இருக்கிறது என்று தெரிந்தது. புதுப் பலகையை நூறு வருடத்துப் பலகையாக ஆக்குவதில் எனக்கு ஒரு வெறி பிடித்துவிட்டது. யாராவது நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், எனக்குத் தலைகால் புரியாது. என் மனைவி இதை வைத்து என்னை ஓட்டாத நாளே இல்லை.

அந்தக் காஞ்சிபுரத்தில் கடைவீதி முடிகிற இடத்தில் வலது பக்கம் ஒரு சந்து திரும்பும். சந்தின் கடைசியில் ஒரு செட்டியார் மாளிகையின் பெரிய கதவு. அதை என் பொறுப்பில் விட்டார்கள். தடித்த பிளைவுட் இரண்டை ஒட்டி, அதன்மேல் பிளாஸ்டரில் சட்டம், குமிழ், பூவேலை எல்லாம் வார்த்து ஒட்டியிருந்தார்கள். மீதியெல்லாம் நான். டீத்தூள் காய்ச்சிய தண்ணீரும் விளக்குப் புகையும் சேர்த்து மரத்துக்கு வயசு ஏற்றினேன். கை படுகிற உயரத்தில் மட்டும் விளக்கெண்ணெய் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். பித்தளை வளையத்துக்குக் கீழே, வளையம் ஆடி ஆடித் தேய்த்த மாதிரி ஒரு அரைவட்டத் தடம் போட்டேன். அடியில் மஞ்சள் குங்குமக் கறை. பத்து தலைமுறை அந்தக் கதவைத் திறந்து மூடியிருக்கிறது என்று பார்க்கிற யாரும் சத்தியம் செய்வார்கள். ஆனால் அது ஒருநாளும் திறந்ததில்லை. திறக்கவும் முடியாது, ஏனென்றால் அது கதவே இல்லை. செட்டில் இதற்கு டம்மி என்று பெயர்.

செட் போடுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆட்கள் நிறைய ஓடுகிற, சண்டை போடுகிற காட்சி என்றால், டம்மி கதவு ஒவ்வொன்றிலும் முழங்கால் உயரத்தில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுவார்கள். அந்தப் பக்கம் வழியில்லை, போகாதே என்று அர்த்தம். படத்தில் அது கண்ணில் படாது. கூட்டத்தில் நடிக்க வருகிறவர்களுக்கு முதல் வேலையாக இதைத்தான் சொல்லிக் கொடுப்பார்கள். குறி போடுவது கார்பெண்டர் மேஸ்திரியின் வேலை. அம்பது வயசு, திருவேற்காட்டுக்காரர், எதையும் மறக்காத மனுஷன். தீ வைத்து எடுக்கிற காட்சிக்கு முந்தின நாள் சாயங்காலமே எல்லாக் கதவிலும் போட்டுவிட்டார். என் கதவிலும் போட்டார்.

அவர் போனதும் நான் அதை அழித்தேன். யாரும் சொல்லவில்லை, கேமரா அந்தப் பக்கம் வருகிறதா என்றுகூட நான் கேட்கவில்லை. மூன்று வாரம் பார்த்துப் பார்த்துச் செய்த கதவின்மேல் அந்த வெள்ளைக் கோடு எனக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான். ஈரத் துணியால் துடைத்து, துடைத்த இடத்தில் கொஞ்சம் கறையும் தடவிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

இதில் இன்னொரு விஷயமும் இருந்தது. மறுநாள் என் மனைவி செட்டுக்கு வருவதாக இருந்தாள். எங்கள் தெருவில் ஒரு அம்மா, கூட்டம் தேவைப்படும் படங்களுக்கெல்லாம் ஆள் கூட்டிப்போவார். காஞ்சிபுரத்துக் கடைவீதிக்கு நூற்றைம்பது பெண்கள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். என் மனைவி எஸ்டேட்டில் ஒரு பேக்கிங் கம்பெனியில் வேலை செய்கிறாள். ஒருநாள் லீவு போட்டுவிட்டு வருகிறேன் என்றாள். நடிப்பில் ஆசை எல்லாம் கிடையாது. மூன்று வாரமாக நான் அடித்த தம்பட்டம் தாங்காமல்தான்.

"அப்டி இன்னாதான் கட்டிக்கினு கீற, நானும் வந்து பாக்கறேன்" என்றாள்.

"கடைவீதி கடைசில ரைட்டுல ஒரு சந்து மே. அங்க பித்தள வளையம் வெச்ச கதவு. அது ஃபுல்லா என் கை" என்றேன்.

அது டம்மி என்று நான் சொல்லவில்லை. வேண்டுமென்றுதான் சொல்லவில்லை. அவள் வந்து, வளையத்தைப் பிடித்து, தள்ளிப் பார்த்து, ஏமாந்துபோய் என்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை.

மறுநாள் விடியற்காலையிலேயே பெண்களை மேக்கப் கூடாரத்துக்குள் அனுப்பிவிட்டார்கள். செட் போட்டோ வெளியே போய்விடக் கூடாது என்று எல்லோருடைய போனையும் ஒரு பெட்டியில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். கூடாரத்துக்குள் ஆண்கள் போக முடியாது. ஷூட்டிங் முடிந்து சாப்பாட்டு நேரத்தில் அவளைச் சந்துக்குக் கூட்டிப்போய்க் காட்டலாம் என்று இருந்துவிட்டேன்.

பத்து மணி வாக்கில் நான் கடைவீதியில் கடைசி டச்சப் செய்துகொண்டிருந்தேன். காட்சி இதுதான்: எதிரிப்படை கோட்டைக்குள் நுழைந்து கடைவீதிக்குத் தீ வைக்கிறது, ஜனங்கள் ஓடுகிறார்கள். இரண்டு கடைகளுக்கு உள்ளே கேஸ் குழாய் வைத்து, தேவையான அளவுக்குத் தீயை ஏற்றி இறக்குகிற மாதிரி ஏற்பாடு. தண்ணீர் லாரி ஒன்று நின்றது. எல்லாம் முறைப்படிதான் இருந்தது. ஆனால் கடைக் கூரைகளுக்கு முந்தின நாள்தான் புதுசாக ஓலை வந்து இறங்கியிருந்தது. கையில் எடுத்தால் பொடிந்து போகிற அளவுக்குக் காய்ந்த ஓலை. காற்று வேறு மேற்கில் இருந்து தள்ளிக்கொண்டிருந்தது.

தீ ஏற்பாட்டைப் பார்த்துக்கொள்கிற ஆளிடம் போய்க் கேட்டேன். "காத்து ஜாஸ்தியா கீதேண்ணா?" அவர் வானத்தைப் பார்த்தார். "கொறஞ்சா ஸ்டார்ட் பண்ணுவோம், நீ போய் உன் வேலயப் பாரு நைனா" என்றார்.

ஒத்திகை நடந்தது. கூடாரத்தில் இருந்து பெண்கள் வந்தார்கள். நூற்றைம்பது பேருக்கும் ஒரே மாதிரி கருத்த மேக்கப், ஒரே மாதிரி பக்கக் கொண்டை, ஒரே மாதிரி அரக்குக் கலர் சேலைக்கட்டு. அதில் என் மனைவி யார் என்று கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தேன், தெரியவில்லை. எல்லோரும் கடைவீதியில் நேராக ஓடி, இடது பக்கத்துக் கோட்டை வாசல் வழியாக வெளியேற வேண்டும் என்று மைக்கில் சொன்னார்கள். வெள்ளைக் குறி போட்ட கதவு பக்கம் யாரும் போகாதீங்கம்மா, அது தொறக்காது என்று இரண்டு தடவை சொன்னார்கள். அதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது.

இடது பக்கம்தானே ஓடப்போகிறார்கள், வலது பக்கச் சந்துக்கு யார் வரப்போகிறார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். தேறவில்லை. மேஸ்திரியிடம் ஒரு துண்டு சாக்பீஸ் வாங்கிக்கொண்டு போய் குறியைப் போட்டுவிட்டு வந்துவிடலாம், ஒரு நிமிஷ வேலை. வாங்கப் போனால் ஏன், எதற்கு என்று கேட்பார். அந்த வெட்கத்தில் யோசித்துக்கொண்டே நின்றேன். நிற்கும்போதே உதவியாளர் பையன் வந்துவிட்டான். "அண்ணா, ஃபிரேம் கிளியர் பண்ணச் சொல்றாங்க, பின்னாடி போயிருங்க. காத்துக்கு முட்டு ஏதாச்சும் ஆடுதான்னு பாத்துக்கங்க" என்று என்னை செட்டுக்குப் பின்பக்கம் அனுப்பிவிட்டான். நான் போய்விட்டேன். அப்படிப் போனதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கும்.

செட்டுக்குப் பின்பக்கம் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அங்கே மாளிகை கிடையாது, காஞ்சிபுரம் கிடையாது. வெறும் பிளைவுட்டின் முதுகு, அதற்கு முட்டுக் கொடுத்த சவுக்குக் கம்புகள், கம்புக்குக் கீழே மணல் மூட்டைகள். அதற்கும் கம்பெனி காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நடக்கிற இடைவெளி. அதில்தான் நான் நின்றேன். மேஸ்திரி இருபதடி தள்ளி நின்றார். எங்களுக்கு எதுவும் தெரியாது, காதில் விழுவதுதான்.

மைக்கில் எண்ணினார்கள். ஆக்‌ஷன் என்றார்கள். முரசு, கூச்சல், ஓடுகிற காலடிச் சத்தம். பெண்கள் அலறினார்கள். ஒத்திகையில் அலறியதைவிட நன்றாக அலறுகிறார்களே என்று நினைத்தேன். புகை மேலே எழும்பியது. முதலில் வெள்ளையாக, அப்புறம் கறுப்பாக. கறுப்பு வந்தது எனக்குப் பிடிக்கவில்லை. தெர்மாகோல் எரிந்தால்தான் அப்படி வரும். மேஸ்திரியைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். மைக்கில் இன்னும் கட் என்று சொல்லவில்லை. அலறல் கூடிக்கொண்டே போனது. அது நடிப்பா நிஜமா என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு கொடுமையான ஒரு நிமிஷத்தை நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் கேட்டது.

"இன்னாடி இது, தொறக்க மாட்டுது."

பல்லவ ராஜா காலத்துக் காஞ்சிபுரத்தில் யாரும் இப்படிப் பேச மாட்டார்கள். அடுத்தாற்போல் பலகையில் கைகள் தட்டுகிற சத்தம். ஒரு கை இல்லை, பல கைகள். கூடவே இன்னொரு குரல், இருமலோடு. அது என் மனைவியின் குரல்.

"நல்லாத் தள்ளுங்கடி. எங்க ஊட்டுக்காரு செஞ்ச கதவு இது. தொறக்கும், தள்ளுங்க."

அங்கே நடந்ததை அப்புறம் தெரிந்துகொண்டேன். காற்று சடாரென்று திரும்பி, கடைசிக் கடையின் ஓலைக் கூரை தீப்பிடித்து, அப்படியே இடது பக்கத்துக் கோட்டை வாசலுக்கு முன்னால் சரிந்திருக்கிறது. முன்னால் ஓடியவர்கள் தப்பி வெளியே போய்விட்டார்கள். பின்னால் வந்தவர்கள் வந்த வழியே திரும்பி ஓடினார்கள். பின்பக்கமும் தீ பரவி, நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் ஏழு பேர். எந்தப் பக்கம் பார்த்தாலும் வெள்ளைக் குறி போட்ட கதவுகள். அப்போது என் மனைவிதான், "இந்தச் சந்துல ஒரு கதவு கீது, வாங்க" என்று அவர்களை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். வந்து பார்த்தால் அந்தக் கதவில் குறி இல்லை. பிறகு அவளுக்கு என்ன சந்தேகம் வரும்?

நான் பின்பக்கம் நின்று கத்தினேன். "அது கதவு இல்ல மே, டம்மி." அவர்களுக்குக் கேட்கவில்லை. சந்துக்குள் புகை இறங்கியிருந்தது, எல்லோரும் இருமிக்கொண்டும் கத்திக்கொண்டும் இருந்தார்கள். என் பக்கம் வெறும் பலகை. எங்கே கதவு ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று அதைச் செய்த எனக்கே தெரியவில்லை. சத்தம் வருகிற இடத்தில் கையை வைத்துப் பார்த்தேன். அவர்கள் தட்டுவது என் உள்ளங்கையில் அதிர்ந்தது. அந்த இடத்தில் முட்டுக் கம்பைப் பிடித்து இழுத்தேன். நாலு அங்குல ஆணி, அசையவில்லை. கையில் இருந்ததோ பட்டி பார்க்கிற தகடு. அதை இடுக்கில் விட்டு நெம்பினேன், தகடு வளைந்துவிட்டது. தோளால் இடித்தேன், காலால் உதைத்தேன். தடித்த பிளைவுட் இரண்டு, அதன்மேல் பிளாஸ்டர். உறுதியாக இருக்க வேண்டும் என்று கேட்டு அப்படிப் போட வைத்தவனே நான்தான். எவ்வளவு நேரம் அப்படி உதைத்தேன் என்று தெரியாது. அந்தப் பக்கம் தட்டுகிற கைகள் குறைந்துகொண்டே வந்தன.

மேஸ்திரி கடப்பாரையோடு ஓடி வந்தார். என் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினார்.

"கதவ உடுய்யா. பக்கத்துல செவுத்த ஒட."

அவர் சொன்னது ஒரு கணம் எனக்கு விளங்கவே இல்லை. அப்புறம்தான் உறைத்தது. கதவுக்குப் பக்கத்தில் இருந்தது கருங்கல் சுவர். கருங்கல் என்றால் என்ன, மெல்லிய பிளைவுட் ஒன்று, அதன்மேல் தெர்மாகோல். ஒரு உதை தாங்காது. அந்தச் செட்டிலேயே உறுதியான இடத்தைத்தான் நான் போட்டு முட்டிக்கொண்டிருந்தேன். முன்பக்கம் நிற்கிற அந்தப் பெண்கள் அதைக் கதவு என்று நம்பியதில் ஆச்சரியம் இல்லை. பின்பக்கம் நின்று, அது வெறும் பலகை என்று முழுக்கத் தெரிந்த நானும் அல்லவா அதைக் கதவு என்று நம்பி முட்டிக்கொண்டிருந்தேன்.

மேஸ்திரி கடப்பாரையை ஒரு போடு போட்டார். உள்ளே இறங்கியது. நான் இரண்டு கையாலும் பிய்த்தேன். பலகை கிழிந்து, கல் கல்லாக வெள்ளைத் துண்டுகள் உதிர்ந்தன. ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்ததும் கறுப்புப் புகை எங்கள் முகத்தில் அடித்தது. உள்ளே கையை விட்டுத் துழாவினேன். ஒரு கை கிடைத்தது, இழுத்தேன். அப்புறம் இன்னொன்று. ஒவ்வொருத்தராக வெளியே வந்து சுவரோரம் விழுந்தார்கள். எல்லாம் ஒரே மாதிரி கருத்த முகம், ஒரே கொண்டை, ஒரே சேலை. ஒவ்வொரு முகத்தையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவள் இல்லை, அவள் இல்லை. ஏழாவதாக வந்தவள் என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டாள். முகம் தெரியவில்லை, அந்தப் பிடி தெரிந்தது. நான் அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டேன். மேஸ்திரி உள்ளே தலையை விட்டு வேறு யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் தானும் உட்கார்ந்தார்.

தண்ணீர் லாரிக்காரர்கள் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் தீயை அடக்கிவிட்டார்கள். யாருக்கும் உயிருக்கு ஆபத்தில்லை. மூச்சுத் திணறிய ஒரு பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என் மனைவிக்கு இரண்டு உள்ளங்கையும் உரிந்து, ஒரு மணிக்கட்டு வீங்கியிருந்தது. கட்டுப் போட்டார்கள்.

மரத்தடியில் அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது புரொடக்‌ஷன் மேனேஜர் மேஸ்திரியைப் பிடித்துக் கத்துவது கேட்டது. ஒரு கதவுக்குக் குறி போட மறந்துவிட்டு ஏழு பேரைக் கொல்லப் பார்த்தாயே என்று எல்லோர் முன்னாலும் கேட்டுக்கொண்டிருந்தார். மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு, போட்டோமா இல்லையா என்று அவருக்கே சந்தேகம் வந்த மாதிரி நின்றார். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. எழுந்து போனேன்.

"அவரு போட்டாரு சார். நான்தான் தொடச்சேன்" என்றேன்.

ஏன் என்று கேட்டார்கள். நன்றாக இல்லை என்று துடைத்தேன் என்று சொல்ல எனக்கு நாக்கு கூசியது. சொன்னேன். மேனேஜர் என்னைத் திட்டியது எதுவும் என் காதில் ஏறவில்லை. மேஸ்திரி என்னைப் பார்த்த பார்வைதான் இன்னும் நினைவிருக்கிறது. கோபம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. "போ, போய் உன் பொண்டாட்டியப் பாரு மொதல்ல" என்றார். அந்தப் படத்தில் எனக்கு அதோடு வேலை முடிந்தது.

சாயங்காலம் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் அம்பத்தூர் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தோம். மெட்ரோ வேலைக்காக ரோட்டை அடைத்திருந்ததில் பஸ் எதுவும் நேரத்துக்கு வரவில்லை. அவள் மேக்கப் முழுசாகப் போகாமல் காதோரம் கருப்பாக இருந்தது. கட்டுப் போட்ட கைகளை மடியில் வைத்திருந்தாள்.

"நீ சொன்ன கதவுன்னுதான் போனேன்" என்றாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை. மற்ற பெண்களை அங்கே கூட்டிப்போனது தன் தப்பு என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குறியை அழித்தது, டம்மி என்று வேண்டுமென்றே சொல்லாமல் விட்டது, அவள் ஏமாறுவதைப் பார்க்க ஆசைப்பட்டது, காலையில் சாக்பீஸ் வாங்க வெட்கப்பட்டது. பஸ் வந்தது, ஏறினோம். அந்த வாரம் முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. கட்டுப் பிரித்த அன்றைக்குத்தான் ஒரு வார்த்தை கேட்டாள். "அந்தப் பொண்ணுங்க ஊட்டுக்குல்லாம் போயி சொன்னியா?" நான் சொல்லவில்லை. அன்றைக்கே கிளம்பி, ஆள் கூட்டிப்போன அம்மாவிடம் கேட்டு, ஆறு வீட்டுக்கும் போனேன். கோவில்பதாகையில் ஒரு வீட்டில் வாசலிலேயே நிற்க வைத்துத் திட்டி அனுப்பினார்கள். இன்னொரு வீட்டில் டீ போட்டுக் கொடுத்தார்கள்.

ஒரு வருடம் கழித்துப் படம் வந்தது. நான் போக வேண்டாம் என்றேன், அவள் பிடிவாதமாக இழுத்துப்போனாள். காஞ்சி மாநகரம் என்று எழுத்துப் போட்டதும் தியேட்டரே விசிலடித்தது. மேலே இருந்து காட்டினார்கள். நாங்கள் செய்ததோடு கம்ப்யூட்டரில் ஆயிரம் வீடுகளைச் சேர்த்திருந்தார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் கோபுரம். தீ வைக்கும் காட்சி வந்தது. கேமரா ஒன்றை அந்தச் சந்துப் பக்கம் பார்த்து வைத்திருந்தார்களாம், எங்களுக்குத் தெரியாது. புகைக்குள் ஏழு பெண்கள் ஒரு கதவை அடிக்கிறார்கள். இரண்டு மூன்று விநாடிதான். அதை வெட்டாமல் வைத்திருந்தார்கள்.

"இன்னாமா நடிச்சுக்கீறாங்க பாரு மாமே" என்று பின் சீட்டில் ஒருத்தர் சொன்னார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் குனியவில்லை, முழுசாகப் பார்த்தாள். காட்சி மாறிய பிறகு என் பக்கம் சாய்ந்து, "கதவு நல்லாத்தான் செஞ்சுக்கீற" என்றாள். கேலி செய்கிறாளோ என்று திரும்பிப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே சொன்னாள்.

இப்போதும் ஆள் கூப்பிட்டால் செட் வேலைக்குப் போகிறேன். என் பையில் சாக்பீஸ் இருக்கிறது, கூட்டம் வருகிற நாளில் மேஸ்திரிக்கு முன்னால் நானே போய் ஒவ்வொரு டம்மியையும் தட்டிப் பார்க்கிறேன். ஆனால் அன்று எரிகிற ஊருக்குள் அவள் நம்பி ஓடி வந்தது பலகையை இல்லை, என் வார்த்தையை. வீட்டில் நான் ஏதாவது ஒன்றைச் சொல்லி அவள் மறுபேச்சில்லாமல் சரி என்று தலையாட்டும்போதெல்லாம், நான் சொன்னது நிஜம்தானா என்று இன்றைக்கும் எனக்குள் ஒரு தடவை தட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.